நான் புலியாக இருந்த கோடை

அறுபது தாண்டியவர்கள் படித்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன். நம் காலத்தில் பெரியவர்கள் சொன்னதை நம்பினோம். அடித்தால், அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பினோம். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆறாவது படிக்க எனக்கு ஓர் இடம் கிடைக்க இருந்தது. மலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். அங்கேயே தங்கிப் படிக்கலாம். அது கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போனது. எப்படிப் போனது என்று சொல்லப் போகிறேன். நீட்டி முழக்கத் தெரியாது. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

அப்போது எங்கள் வீடு கனகசெட்டிக்குளத்துக்கு மேற்கே. கடல் சத்தம் கேட்கும். ஆனால் நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; மல்லாட்டைக் கொல்லை எங்களுடையது. அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, கொல்லை வேலை ஒத்துவரவில்லை. சின்ன வயதிலேயே புதுச்சேரி டவுனுக்குப் போய் ஒரு பிரெஞ்சுக்கார வீட்டில் சமையல் கற்றுக்கொண்டார். அந்த வீட்டு அம்மாளை எல்லோரும் மதாம் என்பார்கள். அவருடைய அப்பா வெள்ளைக்காரர், அம்மா நம்மவர். மதாமின் புருஷன் செத்தபோது மேற்கு மலையில் ஒரு மர வீட்டை விட்டுவிட்டுப் போனார். காட்டுக்கு நடுவில் வீடு. மதாம் அதை விடுதி ஆக்கினார். மிருகம் பார்க்க வருகிறவர்கள் வந்து தங்குவார்கள். சமைக்கச் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போனார்.

அந்த வருஷம் ஈஸ்டருக்குச் சித்தப்பா ஊருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் நீள ரொட்டி.

"அண்ணி, புள்ளைய என்கூட அனுப்புங்க. லீவு முடியற வரைக்கும். மதாம் பார்க்கணும்ன்றாங்க. புடிச்சுப்போச்சுன்னா மேல டவுன்ல கன்னியாஸ்திரி மடத்து மதர்கிட்ட லெட்டர் குடுத்து ஆறாவதுல சேர்த்து வுடுவாங்க. சோறு, துணி எல்லாம் அவங்களே."

அம்மா யோசித்தாள். "பொட்டப் புள்ள தம்பி. அவ்ளோ தூரம்."

"நான் இருக்கேன் இல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நடக்க வேண்டிய தூரம் பெண் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்தான் முன்னால் சொல்லியிருந்தார். இப்போது, "போறியா?" என்றார்.

"போறேன்" என்றேன்.

விழுப்புரத்தில் ரயில். விடிந்து இறங்கி பஸ். அதற்கு மேல் ஜீப். ஒரு வளைவில் ஜீப் நின்றது. முன்னால் பாதை இல்லை. எல்லாம் வெள்ளை.

"புகையா சித்தப்பா?"

"மேகம்."

கையை வெளியே நீட்டினேன். ஈரமானது. நம் ஊரில் மேகம் மேலே நிற்கும். ஆசை காட்டிவிட்டுப் போய்விடும். இங்கே ஜீப்புக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது.

விடுதியைப் பற்றிச் சொல்கிறேன். தகரக் கூரை. பலகைச் சுவர். நடந்தால் தரை முனகும். மழை பெய்யாத நாளிலும் மரத்தில் இருந்து தண்ணீர் சொட்டும். மரம் முழுக்கப் பாசி, ஆட்டு ரோமம் மாதிரி தொங்கும். ஆளை விட உயரமாகப் பெரணி. நான் கீரை அளவுக்குத்தான் பெரணி பார்த்தவள். துணி காயாது. உப்பு ஜாடியில் கரைந்து நிற்கும். தீப்பெட்டியைச் சித்தப்பா அரிசிக்குள் புதைத்து வைப்பார். ரொட்டியை அடுப்பு மேட்டில் காய வைப்பார். அட்டை காலில் ஏறும். முதல் நாள் கத்தினேன். மூன்றாம் நாள் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு நடந்தேன்.

குளிர் எனக்குத் தெரியாது. பல் அடித்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நம்பியதில்லை. மதாம் ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். பழுப்பு நிறம். கை நீளம். மடித்து மடித்துப் போட்டுக்கொண்டேன். அதில் நாப்தலீன் உருண்டை வாசனை. இன்றைக்கும் யாராவது பீரோவைத் திறந்தால் அந்த மலை ஒரு நொடி வந்துவிட்டுப் போகும்.

இரண்டாம் நாள் மதாம் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி போட்டிருந்தார். காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"ஒக்காரு. எழுது. நான் சொல்றேன்."

ஆறு வரி சொன்னார். எழுதினேன். கூட்டல் கணக்குக் கொடுத்தார். போட்டேன். பார்த்தார்.

"ரொம்ப நல்லா எழுதற. உங்க சித்தப்பா எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

சித்தப்பா கதவோரம் நின்று சிரித்தார். மதாம் அப்போதே ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சில். மதருக்கு. அதில் என் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. உறையில் போட்டார். அந்த ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. உறை வாயைத் திறந்துகொண்டே கிடந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"மே கடைசில ஜீப் டவுனுக்குப் போகும். அதுல நீயே கொண்டுபோய் மதர் கையில குடு. அதுவரைக்கும் இங்க ஒழுங்கா இருக்கணும். தெரியுதா?"

"தெரியுது மதாம்."

தினமும் காலையில் அந்த அறையைப் பெருக்கும்போது கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்.

அந்தக் கோடையில் விடுதிக்கு வந்தவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை. அதுதான் பிரச்சினை. காலையில் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும். எதிரில் புல்மேடு. அங்கே காட்டுமாடுகள் நிற்கும். கறுப்புப் பாறை மாதிரி, காலில் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. ஆனால் அந்த நேரத்தில் டவுன் ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குளித்து, காபி குடித்து, தொப்பி தேடி எடுத்து வெளியே வந்தால் மேகம் வந்து மூடியிருக்கும். அப்புறம் சாயந்திரம் வரை வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

புதுச்சேரியில் இருந்து வந்த ஒரு டாக்டர் வீட்டு அம்மா மதாமிடமே கேட்டார். "இந்தப் பனியப் பார்க்கவா இவ்ளோ தூரம்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் தொறந்தா இதான் இருக்கு."

அவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். மதாம் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சித்தப்பா ஒரு வாய் குறுகின மண்பானையும் ஒரு துண்டுத் தோலும் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் மல்லாட்டை முற்றும்போது பன்றி வரும், நரி வரும். ஒரு ராத்திரியில் பாதிக் கொல்லையைக் கிளறிவிடும். அதற்கு ஒரு பானை வைத்திருப்போம். பானை வாயில் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மயிலிறகுத் தண்டை உள்ளே முடிந்து வெளியே விட்டிருப்போம். கையை நனைத்து அந்தத் தண்டை உருவினால் பானை உறுமும். புலிப்பானை என்போம். பன்றி ஓடும் பாருங்கள், வாலை மேலே தூக்கிக்கொண்டு. பெரிய கை இருக்கிறவர்களுக்குச் சத்தம் தடித்து மாடு கத்துகிற மாதிரி வரும். சின்ன விரல்தான் சரி. எங்கள் தெருவில் என் விரலுக்குத்தான் பேர்.

"பன்னி ஓட்டறதுக்கா சித்தப்பா?"

"இல்ல. புலி கத்தணும். பார்க்கத்தான் முடியல, காதாலயாவது கேட்டுட்டுப் போகட்டும். எவ்ளோ சந்தோசப்படுவாங்க தெரியுமா?"

"மதாம் திட்டுவாங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நான் இருக்கேன் இல்ல?"

மயிலுக்கு மலையில் எங்கே போவது? சணல் கயிற்றில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கட்டினார். முதல் நாள் சத்தம் வரவில்லை. அந்த ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு மணிக்கு எல்லோருக்கும் கேக்கும் டீயும் கொடுத்துவிட்டு, பானையை அடுப்பு மேல் காட்டுவார். தோல் விறைத்ததும் தன் தலைத்துண்டில் சுற்றி என்னிடம் கொடுப்பார். நான் பின்பக்கமாக ஓடி, ஓடைப் பள்ளத்தில் பெரிய பெரணிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். கால் மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் ஈரம் ஏறினால் புலி பூனையாகிவிடும்.

முதல் தடவை உருவினேன். சத்தம் எனக்கே முதுகில் ஏறியது. கொல்லையில் அது பரந்து போய்விடும். அங்கே மேகம் பிடித்து வைத்துக்கொண்டது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வராந்தாவில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒரு அம்மா "மோன் தியே!" என்று கத்தினார். கடவுளே என்று அர்த்தம். மறுபடி உருவினேன். பிறகு எல்லாம் அமைதி. மரம் சொட்டுவது மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது சித்தப்பா சமையலறையில் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். அதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் எனக்கு ரொம்பப் பிடித்தவர்.

விடுதிக்குப் பேர் வந்துவிட்டது. வந்தவர்கள் விருந்தாளிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவர் புலியின் கண்ணையே பார்த்ததாக எழுதினார். நான் அன்று கண்ணை மூடிக்கொண்டு பெரணிக்கடியில் இருந்தேன். மதாம் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு ஜோடி காலுறை கொடுத்தார். கடிதம் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

விடுதிக்கு ஒரு காட்டுக் காவல்காரர் இருந்தார். மலைக்காரர். வந்தவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறவர். அவர் காதை ஏமாற்ற முடியுமா? மூன்றாம் நாளே அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன புதுச்சேரிப் பாப்பா. உம்ம ஊருப் புலிக்கு நாலரை மணி ஆனா பசிக்குமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தப்பா அவருக்கு ஒரு துண்டு கேக்கை நீட்டினார். அவர் அதை வாங்கித் தின்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சமையக்காரரே, ஒண்ணு கேக்குறேன். உங்க ஊர்ல இந்தப் பானையை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"பன்னி ஓட்ட."

"ஓடுதா?"

"ஓடும். பின்ன?"

"அப்ப இங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

சித்தப்பா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"புல்மேட்டைப் பாத்தீங்களா? மாடு ஒண்ணு இல்ல. கடமான் ஓடைக்கு வர்றதில்ல. கருமந்திகூட அந்தப் பக்கம் மலைக்குப் போயிடுச்சு. நெசப் புலி ஒரு நாள் கத்தும், போயிரும். இது தெனம் அதே எடத்துல கத்துது. அதுக எல்லாம் உங்கள நம்பிருச்சு."

நாங்கள் அதை நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. மிருகம் காட்டிப் பிழைக்கிற இடத்தில் உட்கார்ந்து, மிருகம் ஓட்டுகிற பானையை உருவிக்கொண்டிருந்தோம். மல்லாட்டைக்காரர்களுக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

"நிறுத்திடலாமா சித்தப்பா?" என்றேன்.

"இப்ப நிறுத்தினா புலி எங்கன்னு கேப்பாங்க. மே முடியட்டும். இன்னும் பத்து நாள்தானே."

மே கடைசியில் மிருகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒருவர் வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, பட்டணத்துக்காரர். ஒல்லி. மெதுவாகப் பேசுவார். அவர் நல்லபடியாக எழுதினால் வெளிநாட்டில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள் என்று மதாம் இரண்டு நாளாகத் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்த முதல் நாள் புலி கத்தியது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். கையைக் காதில் வைத்துக் கேட்டாராம். இரண்டாம் நாள் சாயந்திரமும் கத்தியது. அன்று என்னவோ நான் பானையைப் பெரணிக்கடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அட்டை இரண்டு தொடையில் ஏறியிருந்தது, அந்த அவசரம். ராத்திரிதான் சித்தப்பாவிடம் சொன்னேன். "காலையில எடுத்துக்கலாம்" என்றார்.

காலையில் அவரே என்னை எழுப்பினார். முகம் கழுவச் சொன்னார். சமையலறை முக்காலியில் உட்கார வைத்தார். பாலிலும் முட்டையிலும் ரொட்டியை ஊற வைத்து, வெண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரை தூவிக் கருக்கி ஒரு பதார்த்தம் செய்வார். விருந்தாளிகளுக்கு மட்டும்தான். அதை விருந்தாளித் தட்டிலேயே வைத்துக் கொடுத்தார். இரண்டு துண்டு.

"இன்னைக்கு என்னா விசேசம்?"

"ஒண்ணுமில்ல. தின்னு."

தின்றேன். அவர் அடுப்பைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வராந்தாவில் மணி அடித்தது. மதாம் எல்லோரையும் கூப்பிட்டார். ஆராய்ச்சிக்காரர் நாற்காலியில். காவல்காரர் படியில். மேசை மேல் பானை. தோல் தொய்ந்து குழி விழுந்திருந்தது.

"இது ஓடைப் பள்ளத்துல கெடந்தது" என்றார் மதாம். "பக்கத்துல சின்னக் கால் தடம். யாரோடது இது?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர்தான் சொல்ல வேண்டும். அவர் என் அருகில் வந்தார். தோளில் கை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கன்னத்தில் அடித்தார். காது அடைத்துக்கொண்டது. வாயில் சர்க்கரையும் ரத்தமும் சேர்ந்து இருந்தது.

"எத்தினி வாட்டி சொன்னேன் உன்கிட்ட? கை சும்மா இருக்காதா? ஊர்ல பன்னி ஓட்டின புள்ள மதாம். விளையாட்டுன்னு நெனைச்சுக்கிச்சு. எனக்குத் தெரியாது மதாம். மாதா சத்தியமா தெரியாது."

மதாம் என்னைக் கேட்டார். "உனக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

ஆராய்ச்சிக்காரரும் கேட்டார். "பயப்படாதம்மா. யார் சொல்லி செஞ்சே? சொல்லு, யாரும் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. காவல்காரர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு என் புருஷன் கேட்டிருக்கிறார், என் மகள் கேட்டிருக்கிறாள். பயம் என்று நினைக்கிறார்கள். பயம் இல்லை. சித்தப்பா ஏதோ பதறி அடித்துவிட்டார், இன்னும் ஒரு நிமிஷத்தில் அவரே உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷம் முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.

மதாம் தன் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. கண்ணாடிக் குண்டைத் தூக்கினார். கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"கம்பளிச் சட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போ. உங்க ஊர் வெயில்ல அது எதுக்கு?"

அது சரிதான். கழற்றி, மடித்து வைத்தேன்.

ஜீப் டவுனுக்குப் போனது. நான் பார்க்க இருந்த பள்ளிக்கூடத்தின் மதில் சுவர் ஓரமாகத்தான் போனது. சிவப்பு ஓடு, மணிக்கூண்டு, வெளியே நீலப் பாவாடை காயப்போட்டிருந்தது. ஜீப் வரை என் பெட்டியைத் தூக்கி வந்தவர் காவல்காரர். ஏற்றிவிட்டு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உம்மேல தப்பில்ல பாப்பா."

அதை வராந்தாவில் சொல்லியிருக்கலாம்.

விடுதியில் தங்கியிருந்த ஒரு புதுச்சேரிக் குடும்பம் ஊர் திரும்பியது. அவர்களோடு என்னை அனுப்பினார்கள். அவர்கள் வாசலில் நின்றே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அடிக்கவில்லை. "உன் சித்தப்பன் மானத்தை வாங்கிட்டியேடி" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா மட்டும் ஒன்று கேட்டார். அவர் புலிப்பானை கட்டுகிறவர்.

"தோலு எங்க கெடைச்சுது உனக்கு?"

"சித்தப்பா குடுத்தாரு."

"யாரு இழுத்துக் கட்டினது?"

"சித்தப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா உலையைப் பார்த்தாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்குத் தம்பி ஒருவன்தான். பெண் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் மல்லாட்டை ஆய்ந்தேன். பிறகு டவுனில் வீட்டு வேலை. கல்யாணம் ஆகி டவுனை ஒட்டின சாரத்துக்கு வந்தேன். நோணாங்குப்பம் படகுத்துறையில் கேண்டீன் சமையலுக்கு இருபது வருஷம் போனேன். அங்கே டூரிஸ்ட் வந்து படகுக்காரரைக் கேட்பார்கள், டால்பின் வருமா என்று. "நேத்துகூட வந்துச்சு சார்" என்பார் அவர். நான் பூரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

சித்தப்பா மதாமிடமே இருந்தார். மதாம் அவர் பெரிய பையனை மலையில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். பிறகு பிரான்சுக்கு அனுப்பினார். மதாம் கொடுத்த வாக்கு வீணாகவில்லை. ஆள்தான் மாறியது.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் ஒரு அளவோடு இருந்தது. திடீரென்று மாட்டிக்கொண்டார், மூன்று பிள்ளைக்காரர், கை நீண்டுவிட்டது, வாயில் பொய் வந்துவிட்டது. நமக்கும் வரும். என் கல்யாணத்தில் அவர் காலில்தான் முதலில் விழுந்தேன்.

மூன்று வருஷம் முன்பு ஒரு காலை அவர் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தார். தடி ஊன்றி வந்தார். மூச்சு இரைத்தது. உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்."

"சொல்லுங்க."

"அந்தப் பானை விசயம். மதாமுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். தோலே அவங்க குடுத்ததுதான். அவங்க ஊட்டுக்காரரு வச்சிருந்த பழைய கொட்டு மேளத்துலேர்ந்து அறுத்துக் குடுத்தாங்க. ஏதாவது பண்ணுன்னு என்கிட்ட அவங்கதான் கேட்டாங்க."

இன்னொரு வாய் காபி குடித்தார்.

"அந்த ஆராய்ச்சிக்காரரு முந்தின நாள் சாயந்திரமே பானையக் கண்டுபுடிச்சுட்டாரு. மதாம் என்னை உள்ள கூப்ட்டாங்க. காலையில அவர் எதுர்ல யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும், நீயா புள்ளையா நீயே சொல்லுன்னாங்க."

"முந்தின நாளேவா?"

"ஆமா."

"காலையில எடுத்துக்கலாம்னு என்கிட்ட சொன்னீங்களே. அது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "பின்னாடி" என்றார்.

இத்தனை வருஷமாக அதைக் கோபத்தில் விழுந்த அடி என்று நினைத்திருந்தேன். இல்லை. சமைத்து வைத்த அடி. முகம் கழுவச் சொல்லி, இனிப்பு தின்ன வைத்து, பிறகு எடுத்துப் பரிமாறியது. என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால்கூட நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவருக்காகப் பொய் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.

"நீ கோவப்படறது ஞாயம்தான்" என்றார். "ஆனா உனக்கு அப்பன் இருந்தான். எம் பசங்களுக்கு என்னை வுட்டா யாரு?"

"இப்ப எதுக்குச் சித்தப்பா வந்தீங்க?"

"பெரியவன் வர்றான். போன்ல அடிக்கடி கேக்கறான், அக்காவுக்கு மலையில எடம் கெடைச்சுதாமே, ஏன் படிக்கலன்னு. எவனோ சொல்லியிருக்கான். அவன் எம்மேல உசுரையே வச்சிருக்கான். அவன்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

மன்னிப்புக் கேட்க வந்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அடுத்த மாசமே போய்விட்டார். பெரியவன் வந்திருந்தான். நல்ல பிள்ளை. கல்லறையில் மண் போட்டுவிட்டு வரும்போது என் பக்கத்தில் நடந்தான். கேட்டான்.

"அக்கா, நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அப்பா சொல்லுவாரு. ஏங்க்கா மேல படிக்கல?"

"படிப்பு ஏறல தம்பி" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். நம்பிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. என்னைப் பற்றி எத்தனையோ பேர் பொய் சொன்னார்கள். அந்த ஒன்றை நானே சொன்னேன்.

அவன் பிரான்சில் இருந்தாலும் தமிழ் விடாமல் படிக்கிறவன். நம் ஊர்ச் சங்கதி எது அச்சில் வந்தாலும் வரவழைத்துப் படித்துவிடுவான். இதுவும் அவன் கண்ணில் படும்.

தெரிந்துதான் எழுதுகிறேன்.